புரை ஆபரேஷன்: தையல் வேலைக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. நாள் முழுக்கத் தையல் மெஷின்தான். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி கூடாதாம், ஒரே பிடிவாதம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் மல்டிஃபோகல் (தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே லென்ஸ்) போடலாமா?

பதில்: முதலில் விழித்திரையைப் பார்த்தார்களா? அதன் நடுப்பகுதியான மாக்குலாவில் கோளாறு இருந்தால் மல்டிஃபோகல் பெரும்பாலும் சரிப்படாது.

பதில்: நான் போட்டிருக்கிறேன். பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுவதில்லை. ஆனால் ராத்திரி ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரியும், எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பதில்: ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் மோனோஃபோகலையே கிட்டத்துக்கு ஏற்ற பவரில் வைக்கலாமே! தூரத்துக்கு மட்டும் கண்ணாடி. இடது கண் பவரையும் டாக்டரிடம் பேசுங்கள். வித்தியாசம் அதிகமானால் தலை சுற்றும். கார்னியாவில் (கண்ணின் முன்படலம்) சிலிண்டர், அதாவது வளைவு ஒரே சீராக இல்லாத குறை, இருந்தால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ்.

கேட்டவர்: சிலிண்டர் இருக்கிறது. அப்போ கிட்டத்துக்கு டோரிக் வைக்கலாமா என்று கேட்கிறேன். அம்மா ராத்திரி வெளியே போவதே இல்லை, அது வேறு!