அப்பா திறந்த மின்னஞ்சல் கோப்பு: அடுத்து என்ன செய்வது?

நண்பர்களே, அவசரமாக ஓர் உதவி. நேற்றிரவு மின்னஞ்சலில் வந்த ‘இன்வாய்ஸ்’ ஒன்றை அப்பா திறந்துவிட்டார். உற்றுப் பார்த்தால் கோப்பின் பெயர் ‘.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று முடிகிறது; அதாவது, பிடிஎஃப் ஆவணம்போலத் தோன்றினாலும் உண்மையில் அது கணினியில் இயங்கும் நிரல். 2000-இல் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் செய்ததும் இதே இரட்டை வால் தந்திரம்தான். கறுப்புத் திரை ஒன்று கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைந்ததாம்.

உடனே வைஃபையைத் துண்டித்தேன். வேறு கணினியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றிவிட்டேன். விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேனில் (விண்டோஸ் இயங்காத நிலையில் செய்யும் சோதனை) எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவிவிடுவதுதான் நல்லதா?

அதைவிடப் பெரிய கவலை, அப்போது செருகியிருந்த ஹார்டு டிஸ்க். அம்மாவின் பழைய படங்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன, வேறு பிரதி கிடையாது. பென் டிரைவிலிருந்து லினக்ஸை (விண்டோஸ் போன்ற வேறொரு இயங்குதளம்) இயக்கி, படங்களை மட்டும் நகலெடுத்தால் பாதுகாப்பா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.