கருவேலமரத்தடி மண் ஒரு கூடை போதுமாமே!

கடலாடிக்காரன்:
போன வாரம் மிளகாய் விலை பற்றிய இழையில் "மானாவாரி மைந்தன்" போகிற போக்கில் ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். சீமைக் கருவேலமரத்தடி மண்ணை ஒரு கூடை அள்ளி மிளகாய் விதைப்பில் தூவினால் வேம் (வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூசண உரம்) பொட்டலம் வாங்க வேண்டாமாம். ஒரு மாதம் மழை பொய்த்தாலும் செடி வாடாதாம். அதற்குக் கீழே நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்த ஒரு கூடை ஏக்கருக்கா, சென்ட்டுக்கா?

மானாவாரி மைந்தன்:
அண்ணே, வைத்தியமும் இல்லை, மந்திரமும் இல்லை. வேம் பொட்டலத்தில் என்ன இருக்கிறது? மக்காச்சோளம் வளர்த்த தொட்டியைக் கவிழ்த்து எடுத்த வேர்த் துண்டும் பூசண வித்தும் வெர்மிகுலைட் என்ற கனிமத் தூளும்தான். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணம் வளராது என்பதால் சோளத்தை வைத்துப் பெருக்குகிறார்கள். யாரும் தண்ணீர் விடாமல், உரம் போடாமல் கோடையிலும் பச்சையாக நிற்கிற கருவேலத்தின் வேரில் அது இல்லாமலா போகும்? மரத்தடியைக் கொத்திப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடுகிறது. கண் இருப்பவர்கள் பார்க்கலாம்.

கடலாடிக்காரன்:
கண்ணுக்குத் தெரிந்தது என்று நீங்கள் சொன்னதுமே எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வேம் பூசணத்தின் நூல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. வேரைக் காரத்தில் வேகவைத்து, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் வேர் செல்லுக்குள் அது கிளை கிளையாகப் பிரிந்து உட்கார்ந்திருப்பது தெரியும். நீங்கள் பார்த்தது சருகையும் சுள்ளியையும் மக்க வைக்கிற வேறு பூசணமாக இருக்கும். அது மிளகாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொண்டுவராது. ஏக்கருக்கா, சென்ட்டுக்கா? இன்னும் பதில் வரவில்லை.

பரமக்குடிப் பார்வையாளர்:
பூசணம் என்றால் எல்லாம் ஒன்றுதானே? நான் வருடாவருடம் வேரழுகலைத் தடுக்கிற டிரைக்கோடெர்மா பூசணத்தில் விதைநேர்த்தி செய்கிறேன். அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

மல்லிகைத் தோட்டம்:
தங்கச்சிமடம் பக்கம் மல்லிகைப் பதியன் போடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் மணலில் சத்தும் நிற்காது, தண்ணீரும் நிற்காது. பாத்தியில் வேம் கலந்து குச்சி ஊன்றுகிறோம். கலந்த பாத்தியில் குச்சியைப் பிடுங்கினால் வேரோடு மணல் ஒட்டிக்கொண்டு வரும். கலக்காததில் வேர் மொட்டையாக வரும். கருவேலமரத்தடி மண்ணை நான் போட்டதில்லை, போடவும் மாட்டேன். அந்த மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் நாற்று வாங்கிப்போகிற ஊர் முழுக்க அது போய்ச் சேரும்.

மானாவாரி மைந்தன்:
அக்கா, உங்கள் மல்லிகை தினமும் தண்ணீர் குடிக்கிறது. நான் பேசுவது வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி விதைக்கிற முண்டு மிளகாயைப் பற்றி. பாத்தி கட்டுகிறவர்களுக்கு மானாவாரி புரியாது.

மல்லிகைத் தோட்டம்:
தினமும் தண்ணீரா? எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இரண்டு வாளி இறைத்தால் மூன்றாவது வாளி உப்புக் கரிக்கும். தெரியாததைப் பேசாதீர்கள் தம்பி.

கடலாடிக்காரன்:
அக்கா சொன்ன நூற்புழு ஒரு பக்கம் இருக்கட்டும். கருவேலமரத்தடி மண்ணை அள்ளினால் அதோடு கருவேல விதையும் வரும். ஆட்டின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தும் முளைக்கிற விதை அது. விதைப்பில் தூவிவிட்டு மிளகாய் முளைக்கும் என்று காத்திருப்பார், முள் முளைக்கும். அதன் இலைச்சாறு மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கும் என்பது பலமுறை சோதித்து எழுதப்பட்ட விஷயம். 2017-இல் உயர் நீதிமன்றம் வரை போய் நின்ற மரத்தின் அடிமண்ணைத்தான் இவர் பிரசாதமாக வழங்குகிறார்.

கரிமூட்டம்:
வந்துவிட்டார்கள், கருவேலத்தைத் திட்ட. முதுகுளத்தூர், கமுதி பக்கம் மழை இல்லாத வருடங்களில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால் என்று யாராவது எழுதியிருக்கிறீர்களா? வெட்டச் சொன்ன நீதிமன்றமே அதே வருடம் நிறுத்தியும் வைத்தது. அதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறீர்கள்.

கடலாடிக்காரன்:
கரி சுடுவதை யார் குறை சொன்னார்கள்? மண்ணைப் பற்றிப் பேசினால் மரத்துக்கு வக்காலத்து வாங்க ஓர் ஆள்.

மானாவாரி மைந்தன்:
அண்ணன் வசதியாக விட்டது இன்னொன்றும் உண்டு. கருவேலம் அவரை இனத்து மரம். வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிற பூசணம் காற்றிலிருந்து தழைச்சத்தையே இழுத்துத் தருகிறது. மரத்தடி மண் வெளிமண்ணைவிடக் கறுப்பாக இருப்பதே அதற்குச் சாட்சி.

கடலாடிக்காரன்:
முடிச்சில் இருப்பது ரைசோபியம். அது பாக்டீரியா, பூசணம் அல்ல. அதற்கு மிளகாயோடு கூட்டும் கிடையாது. வெள்ளை நூலும் வேம், முடிச்சும் வேம், கறுப்பு மண்ணும் வேம்! தம்பி, வேம் செய்கிற வேலை இவ்வளவுதான்: மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்துவிடும். அதற்கு அப்பால் பல சென்டிமீட்டர் போய் எடுத்து வருவது பூசண நூல். வேர்த்தூவி நுழையாத இடுக்கில் இருக்கிற ஈரத்தையும் அது தொடும். பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. ஈரமே இல்லாத மண்ணில் எந்தப் பூசணமும் தண்ணீர் உண்டாக்காது. "ஒரு மாதம் மழை பொய்த்தாலும் வாடாது" என்று எழுதிய கைக்கு அதுவாவது தெரிய வேண்டாமா? ஏக்கருக்கா, சென்ட்டுக்கா?

மானாவாரி மைந்தன்:
இவ்வளவு தெரிந்த அண்ணன் அடியுரமாக மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டுவது ஏன்? மணிச்சத்து கையருகே குவிந்து கிடந்தால் செடி பூசணத்துக்குச் சோறு போடாது. வேரில் அது குறைந்துபோகும். நீங்கள் வாங்குகிற பொட்டலம் உங்கள் வயலில் பட்டினி கிடக்கிறது. என் கூடை மண்ணைக் கேலி செய்யும் முன் உங்கள் மூட்டையை எண்ணுங்கள்.

கடலாடிக்காரன்:
என் வயலில் மூட்டை எண்ண உங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? இரண்டு வருடத்துக்கு முன் மண்புழு உரம் விற்றபோதும் இதே பேச்சுத்தான் பேசினீர்கள். இப்போது விற்க மண்புழு இல்லை, கருவேல மண்ணுக்கு வந்துவிட்டீர்கள்.

மானாவாரி மைந்தன்:
நான் இலவசமாக அள்ளிக்கொள்ளச் சொன்னேன். பொட்டலக் கடைக்காரருக்கு மைத்துனர் யார் என்று ஊருக்கே தெரியும்.

உப்பங்காற்று:
இருவரும் கடற்கரைப் பக்கம் வந்து பேசுங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் காட்டில் உமரிதான் தானாக வளர்கிறது. உமரி இனத்துச் செடிகளுக்கு இந்தப் பூசணத்தோடு பெரிதாக உறவே இல்லை. உப்பு ஏற ஏற வித்து முளைப்பதும் குறையும். ஓரளவு உப்புக்கு வேம் கைகொடுக்கும், உவர் பூத்த மண்ணில் பொட்டலமும் ஒன்றுதான், கூடையும் ஒன்றுதான்.

கடலாடிக்காரன்:
உவர் நிலத்தில் முண்டு போடுவது யார்? 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது எங்கள் பக்கத்து மிளகாய். அதற்கு மண்ணைப் பற்றி உப்பளத்திலிருந்து பாடம் வேண்டாம்.

உப்பங்காற்று:
குறியீடு ராமநாதபுரம் முண்டுக்கு. கடலாடி முண்டுக்கு அல்ல.

கரிமூட்டம்:
சரியாகச் சொன்னீர்கள்.

கடலாடிக்காரன்:
மிளகாயின் காரம் எந்த ஊரில் ஏறும் என்று பரமக்குடி வியாபாரியைக் கேளுங்கள், சொல்வார். இழை கருவேல மண்ணைப் பற்றியது. ஏக்கருக்கா...

மானாவாரி மைந்தன்:
ஏக்கருக்கு! போதுமா? எங்கள் காட்டில் ஏக்கருக்கு ஒரு கூடைதான். செடி நிற்கிறது.

கடலாடிக்காரன்:
பக்கத்தில் மண் போடாத ஒரு வரிசை விட்டீர்களா?

மானாவாரி மைந்தன்:
வரிசை விட்டு விளையாட இது ஆராய்ச்சிப் பண்ணை அல்ல. சோற்றுக்கு விதைக்கிற காடு.

கடலாடிக்காரன்:
அப்படியானால் செடி நின்றது மழையாலா, மண்ணாலா என்று உங்களுக்கே தெரியாது. எனக்கு மட்டும் சொல்ல வந்துவிட்டீர்கள்.

பரமக்குடிப் பார்வையாளர்:
நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் காலாவதித் தேதி தாண்டிய வேம் பொட்டலம் ஒன்று கிடக்கிறது. தகரக் கொட்டகையில்தான் இருந்தது. விதைப்பில் போடலாமா?

கடலாடிக்காரன்:
போடாதீர்கள். தகரச் சூட்டில் வித்து செத்திருக்கும்.

மானாவாரி மைந்தன்:
தாராளமாகப் போடுங்கள். கூடவே ஒரு கூடை கருவேல மண்ணும்.