வெண்டெல்ஸ்டைன்: லட்சத்தில் ஒரு பங்கு எதை நிரூபிக்கிறது?

சுருள்ராஜன்:
ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் இருக்கும் வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் ஸ்டெல்லரேட்டரின் (பிளாஸ்மா எனும் அயனியான சூடான வாயுவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் அணுக்கரு இணைவுக் கருவி) காந்தப்புலம், கணினி வரைந்ததிலிருந்து லட்சத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை. கோணல்மாணலான 50 மீகடத்திச் சுருள்கள்! "சிமுலேஷனை நம்பிக் கருவி கட்டாதீர்கள்" என்று போன வாரம் எழுதியவர் இப்போது வாயைத் திறக்கட்டும்.

தீவுச்சங்கிலி:
எழுதியது நான்தான். இன்னும் அதையேதான் சொல்கிறேன். அந்த லட்சத்தில் ஒன்றை அளந்தபோது உள்ளே பிளாஸ்மாவே இல்லை. வெற்றிடக் கலத்தில் எலக்ட்ரான் கற்றை புலக்கோட்டோடு சுற்றிச் சுற்றி ஓடும். ஒளிரும் பூச்சுள்ள கம்பி குறுக்கே வீசும். பட்ட இடமெல்லாம் மினுங்குவதைக் கேமரா பதியும். காந்தத் தீவின் (புலக்கோடுகள் பரப்பை விட்டுப் பிரிந்து தனியாகச் சுருண்டுகொள்ளும் இடம்) அகலம் புலத்திலுள்ள பிழையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால்தான் அவ்வளவு சிறிய பிழையும் சென்டிமீட்டர் கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தது. பாராட்டு சுருள்களைப் பொருத்தியவர்களுக்குப் போக வேண்டும்.

சுருள்ராஜன்:
சுருளின் வடிவத்தைக் கொடுத்தது யார், பொருத்தியவரா? லட்சத்தில் ஒன்று சார்!

மேக்னட்மணி:
பிரின்ஸ்டனின் என்சிஎஸ்எக்ஸ் ஸ்டெல்லரேட்டர் கூடக் கணினியில் அழகாகத்தான் இருந்தது. சுருள்களுக்கு 1.5 மி.மீ. துல்லியம் கேட்டார்கள், செலவு எகிறியது, 2008இல் மூடினார்கள்.

சுருள்ராஜன்:
டோக்கமாக் (இன்னொரு வகை இணைவுக் கருவி) பற்றிய விவாதத் திரியில் மூக்குடைபட்ட கடுப்பை இங்கே கொட்டாதீர்கள் மணி.

மேக்னட்மணி:
உடைந்தது யார் மூக்கு என்று அந்தத் திரியிலேயே இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

தீவுச்சங்கிலி:
மூக்கை விடுங்கள். பிளாஸ்மாவின் சமநிலையைக் கணக்கிடும் விஎம்இசி நிரல், காந்தப் பரப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் குலையாமல் அடுங்காமல் அடுக்கடுக்காக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் கணக்கையே தொடங்குகிறது. தீவு இருந்தாலும் அதில் வராது. புலக்கோடுகளைத் தனியாகத் தொடர்ந்துபோய்ப் பார்க்க வேண்டும். அடுத்து பிளாஸ்மாவின் கொந்தளிப்பு. துகள்களின் மோதல்களால் வெப்பம் கசிவதைக் குறைக்கத்தான் அந்தக் கருவியை வடிவமைத்தார்கள், அது பலித்தது. ஆனால் வாயு ஊட்டி, நுண்ணலையால் எலக்ட்ரான்களைச் சூடாக்கும்போது அயனி வெப்பநிலை சுமார் 1.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் முட்டி நின்றது. எவ்வளவு திறன் கூட்டினாலும் கொந்தளிப்பு அள்ளிக்கொண்டு போகிறது. உங்கள் லட்சத்தில் ஒன்று இதை எங்கே சொன்னது?

சுருள்ராஜன்:
உறைந்த ஹைட்ரஜன் குண்டுகளை (சிறு உருண்டைகளை) உள்ளே செலுத்தியதும் அயனி வெப்பநிலை ஏறியதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? துகள்களின் சுழற்சியைச் சராசரியாக்கிக் கணக்கிடும் கைரோகைனெடிக் நிரல்கள் கொந்தளிப்பையும் கணக்கிடுகின்றன.

தீவுச்சங்கிலி:
அடர்த்திச் சரிவு (நடுவிலிருந்து விளிம்புக்கு அடர்த்தி குறையும் விதம்) செங்குத்தாவதால் கொந்தளிப்பு அடங்குகிறது, அதனால் ஏறியது. குண்டு நின்றால் சரிவும் போச்சு. கொந்தளிப்பு தொடங்கும் வாசலுக்கு அருகே வெப்பநிலைச் சரிவைக் கொஞ்சம் மாற்றினாலே உங்கள் நிரல் தரும் வெப்பப்பாய்வு பலமடங்கு துள்ளும். அதை வைத்தா சுருளுக்கு ஆர்டர் கொடுப்பீர்கள்?

சுருள்ராஜன்:
கொடுப்பேன். லட்சத்தில் ஒன்றுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மேக்னட்மணி:
மேலே இரண்டு முறை வந்தாயிற்று. படிக்கத்தான் ஆளில்லை.