தேர்தலுக்கு முன் வரும் வரவு செலவுத் திட்டம்: எந்தக் கட்சியின் கணக்கைப் பார்ப்பது?

மார்க்கம்_புதுவரவு
2 பெப்ரவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். வவுனியாவிலிருந்து வந்து எட்டு வருஷம். போன வருஷம்தான் குடியுரிமை கிடைத்தது. இந்த மாதம் 27ஆம் திகதி நடக்கும் ஒன்ராறியோ தேர்தலில்தான் முதன்முதலாக வாக்களிக்கப் போகிறேன்.

மாகாண அரசாங்கத்தின் காசோலை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆளுக்கு 200 டாலர், மகளையும் சேர்த்து மூன்று பேருக்கும் 600. என் கணவர் அன்றைக்கே வங்கியில் போட்டார். மச்சாள் வந்திருந்தபோது, "இது வாக்குக்குத் தரும் காசு, இந்த மூன்று பில்லியனுக்கு எத்தனை டாக்டர்மாரை எடுத்திருக்கலாம்" என்று சொல்ல, சோறு ஆறும்வரை இருவருக்கும் வாக்குவாதம். எங்கள் ஐந்து வயது மகளுக்கு இன்னும் குடும்ப வைத்தியர் இல்லை. காய்ச்சல் என்றால் வோக்-இன் கிளினிக்கில் மூன்று மணித்தியாலம் மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். அதனால் எனக்கு இது வெறும் கட்சிச் சண்டை இல்லை.

என் கேள்வி இதுதான். ஒரே கஜானாவைப் பற்றி மூன்று கட்சிகளும் மூன்று விதமாகச் சொல்கின்றன. முன்பு தேர்தல் நேரத்து வரவு செலவுத் திட்டங்களில் சொன்னவை நடந்தனவா? என்னைப் போன்ற ஒருத்தி எதை வைத்து இவற்றைப் பார்ப்பது?


வான்காரன்_பிரம்டன்
2 பெப்ரவரி 2025

தங்கச்சி, காசோலையை மனச்சுமை இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது யாரும் தந்த தானம் இல்லை, நாங்கள் கட்டிய வரி. நான் டெலிவரி வான் ஓட்டுகிறேன், கிழமைக்கு 150 லீட்டர் பெற்றோல் அடிப்பேன். 2022 ஜூலையில் மாகாணம் லீட்டருக்கு 5.7 சதம் வரியைக் குறைத்தது, இன்றுவரை அது நீடிக்கிறது. எனக்குக் கிழமைக்கு எட்டரை டாலர். அதே வருஷம் தேர்தலுக்கு முன்னால் வாகன இலக்கத்தகட்டைப் புதுப்பிக்கும் ஸ்டிக்கருக்கான 120 டாலரையும் எடுத்தார்கள், ஏற்கெனவே கட்டியதையும் திருப்பித் தந்தார்கள். சொன்னதைச் செய்கிறவர்களுக்கு வாக்குப் போடுவதில் என்ன பிழை?


கணக்குப்பிள்ளை_ஸ்காபரோ
3 பெப்ரவரி 2025

தங்கச்சி, நான் ஸ்காபரோவில் ஒவ்வொரு மார்ச், ஏப்ரலிலும் எங்கள் சனத்துக்கு டாக்ஸ் செய்து கொடுக்கிறவன். வந்து 35 வருஷமாகிறது. மேடையில் சொல்வது சில வருஷம் கழித்து என் மேசைக்கு எப்படி வருகிறது என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003இல் நான் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. மார்ச் 27ஆம் திகதி, ஏர்னி ஈவ்ஸின் கன்சவேட்டிவ் அரசாங்கம் வரவு செலவுத் திட்டத்தைச் சட்டசபையில் வாசிக்கவில்லை. பிரம்டனில் மக்னா நிறுவனத்தின் கட்டடம் ஒன்றில் வைத்து நிதி அமைச்சர் ஜனற் எக்கர் வாசித்தார். அழைக்கப்பட்டவர்கள் கேட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர் எழுந்து கேள்வி கேட்க அங்கே இடமில்லை. சபாநாயகர் கரி கார் அதே கட்சிக்காரர். அவரே இது சபையை அவமதித்ததாகத் தெரிகிறது என்று தீர்ப்புச் சொன்னார். கணக்கு சமநிலையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அந்த அரசாங்கம் ஒக்ரோபர் தேர்தலுக்குப் போய்த் தோற்றது. முன்னாள் கணக்காய்வாளர் எரிக் பீற்றர்ஸ் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டின் பற்றாக்குறை 5.6 பில்லியன் டாலர் என்றார்.

சரி, வென்ற லிபரல்கள்? வரி கூட்டமாட்டேன் என்று சொல்லி வந்த டால்டன் மகின்ரி, 2004 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார பிரீமியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். வருமானம் 20,000 டாலரைத் தாண்டினால் தொடங்கும், உச்சம் வருஷத்துக்கு 900. கட்சி மாறியும் அதை யாரும் எடுக்கவில்லை. போன ஏப்ரலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பிள்ளை என் எதிரில் இருந்து, அந்த வரிசையில் விரலை வைத்து, "அண்ணை, இது என்ன 450?" என்று கேட்டா. அவவின் வருமானம் 42,000. அவ பிறந்தது 1999இல். ஐந்து வயதில் தனக்கு வந்த வரியை இப்போது கட்டுகிறா.

ஆனால் அந்த 2003 அனுபவத்தால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தேர்தலுக்கு முன் அரசாங்கம் தன் நிதிநிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட வேண்டும், அதைக் கணக்காய்வாளர் நாயகம் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்று 2004இல் சட்டம் போட்டார்கள். அதன் அருமை 2018இல் தெரிந்தது.

2018 மார்ச் 28, கத்லீன் வின்னின் லிபரல் அரசாங்கம். நிதி அமைச்சர் சார்ள்ஸ் சூசா 2018-19 பற்றாக்குறை 6.7 பில்லியன் என்று வாசித்தார். ஒரு மாதத்தில் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக், இல்லை, 11.7 என்றார். ஜூனில் வென்ற கன்சவேட்டிவ் தலைவர் டக் போர்ட் அமைத்த விசாரணைக் குழு 15 என்றது. ஆண்டு முடிந்து கணக்கு மூடியபோது 7.4. ஒரே வருஷத்துக்கு நான்கு தொகை.

எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் சண்டை. மின்சாரக் கட்டணத்தை 25 வீதம் குறைக்கக் கடன் வாங்கினார்கள், அந்தக் கடன் மாகாணத்தின் புத்தகத்தில் தெரியாதபடி வெளியே வைக்கப்பட்டது. ஆசிரியர் ஓய்வூதிய நிதியில் மிஞ்சியிருந்த பணத்தில் தன் பங்கை அரசாங்கம் தன் சொத்தாக எழுதியது. நினைத்த நேரத்தில் எடுக்க முடியாத பணத்தைச் சொத்து என்று எழுதாதே என்றார் லைசிக். எனக்கு அவர் சொன்னது சரியாகவே பட்டது. சீட்டுப் பிடிக்கிறவருக்கும் தெரியும், இன்னும் எடுக்காத சீட்டைக் கையிலிருக்கும் காசு என்று சொல்ல முடியாது.

அந்தத் திட்டத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்து முழுக்க இலவசம், 2019 ஆகஸ்ட்டிலிருந்து, என்று இருந்தது. அம்மாவுக்கு அப்போது 79. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், தைரொயிட் என்று நான்கு மருந்து. வருஷத் தொடக்கத்தில் முதல் 100 டாலர், பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் 6 டாலர் 11 சதம் வரை. அம்மா மருந்துக்கடைத் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் மாதவாரியாக இறப்பர் பட்டி போட்டு வைத்திருப்பா. தொலைக்காட்சியில் செய்தியைக் கேட்டுவிட்டு, "அப்ப வாற வருஷம் ஆவணிக்குப் பிறகு டின் தேவையில்லை" என்றா. அரசாங்கம் மாறியது, அந்தத் திட்டம் வரவே இல்லை. அம்மா 2021இல் போய்விட்டா. டின் இன்னும் என்னிடம் இருக்கிறது, கடைசித் துண்டும் அதற்குள்தான்.

வாசிக்கப்பட்டது வேறு, நிறைவேறியது வேறு. இதை நான் அந்த டின்னில்தான் படித்தேன்.

வான்காரன் தம்பிக்கு ஒன்று. பெற்றோல் வரி, ஸ்டிக்கர் இரண்டும் உண்மையில் நடந்தன, மறுக்கமாட்டேன். ஆனால் 2022 ஏப்ரல் 28இல் வாசித்த வரவு செலவுத் திட்டம் அப்போது நிறைவேறவில்லை. சபையைக் கலைத்து, தேர்தலை வென்று, ஓகஸ்ட் 9இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் 19.9 பில்லியன் பற்றாக்குறை என்று சொன்ன வருஷம் 5.9இல் முடிந்தது. விலைவாசி ஏறியதால் வரியும் கூட வந்தது ஒரு காரணம். அதாவது கையில் காசு வரப்போவதை வாக்களித்த நேரத்தில் எங்களுக்குத் தெரியாது. அந்தக் காசை எதற்குச் செலவழிப்பது என்று எந்தக் கட்சியும் எங்களிடம் கேட்கவும் இல்லை.

இந்த முறை இன்னும் மோசம். வழக்கமாக மார்ச் கடைசியில் வரும் வரவு செலவுத் திட்டம் வருவதற்கு முன்னாலேயே வாக்களிக்கப் போகிறோம். 200 டாலர், போன ஒக்ரோபர் 30 வெளிவந்த அரசாங்கத்தின் இலையுதிர்கால நிதி அறிக்கையில் இருந்தது. அதே அறிக்கை இந்த ஆண்டின் பற்றாக்குறை 6.6 பில்லியன் என்கிறது. காசோலைகளுக்கு மட்டும் 3 பில்லியன். ஆகவே தம்பி, அது நாங்கள் கட்டிய வரி என்பதும் சரி, கடன் வாங்கித் தந்தது என்பதும் சரி.


மழலையர்_ஆசிரியை
3 பெப்ரவரி 2025

அண்ணா, உங்கள் அம்மாவின் டின்னை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

ஆனால் நிறைவேறாதது எல்லாம் வீண் என்று நீங்கள் சொல்வது போல எனக்குக் கேட்கிறது. அதை நான் ஏற்கவில்லை. நான் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். அதே 2018 மார்ச் 28 திட்டத்தில், இரண்டரை வயதிலிருந்து பள்ளி போகும்வரை காப்பகம் இலவசம், 2020இலிருந்து, என்று இருந்தது. அடுத்த நாள் காலையில் பிள்ளையை விட வந்த தாய்மார் சப்பாத்தைக் கழற்றும் இடத்திலேயே நின்று அதைத்தான் கதைத்தார்கள். லிபரல் அப்படிச் சொன்னதும் என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) சராசரி 12 டாலர் நாட்கட்டணம் என்றது, கன்சவேட்டிவ் வரிச்சலுகை என்றது. மூன்று கட்சியும் காப்பகத்தைப் பற்றிக் கதைத்தே ஆக வேண்டி வந்தது. இலவசத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் சரியாக நான்கு வருஷம் கழித்து, 2022 மார்ச் 28, நாளுக்கு 10 டாலர் என்ற மத்திய அரசாங்கத்தின் திட்டத்தில் ஒன்ராறியோ கையெழுத்திட்டது. மாகாணங்களில் கடைசியாக. அதுவும் ஜூன் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால். தேர்தல் இல்லாவிட்டால் இன்னும் இழுபட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.


கணக்குப்பிள்ளை_ஸ்காபரோ
4 பெப்ரவரி 2025

தங்கச்சி, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். போட்டி இருந்தபடியால்தான் அது வந்தது.

அந்தக் கன்சவேட்டிவ் வரிச்சலுகையும் என் மேசைக்கு வந்தது, அதையும் சொல்ல வேண்டும். காப்பகச் செலவில் 75 வீதம் வரை என்றார்கள், 2019இல் கொண்டும் வந்தார்கள். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 6,000 டாலர் வரை. ஆனால் முழு 75 வீதம் குடும்ப வருமானம் 20,000க்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான், வருமானம் ஏற ஏற வீதம் இறங்கும். 20,000 வருமானத்தில் இருக்கும் ஒரு குடும்பம் காப்பகத்துக்கு 8,000 டாலர் கட்டினால்தான் அந்த 6,000 கிடைக்கும். அப்படி ஒரு கடதாசி இதுவரை என் கையில் வந்ததில்லை. "வரை" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

எதிர்க்கட்சிகளையும் விடமாட்டேன். 2014 மே 1இல் வின்னின் சிறுபான்மை அரசாங்கம் ஒரு வரவு செலவுத் திட்டம் கொண்டுவந்தது. என்.டி.பி. ஆட்கள் விரும்பக்கூடிய பலதும், மாகாண ஓய்வூதியம் உட்பட, அதில் இருந்தன. அடுத்த நாளே அந்தக் கட்சியின் தலைவி அன்ட்ரியா ஹோர்வத், இந்த அரசாங்கத்தை நம்ப முடியாது, ஆதரவில்லை என்றார். தேர்தல் வந்தது. கன்சவேட்டிவ் தலைவர் ரிம் ஹூடாக் ஒரு லட்சம் அரசாங்க வேலைகளைக் குறைப்பேன் என்று பயமுறுத்த, சனம் லிபரலிடம் ஓடியது, 107இல் 58 ஆசனம். என்.டி.பி.க்கு முன்பிருந்த அதே 21தான், அதிலும் ரொறன்ரோவுக்குள் மூன்று தொகுதி போனது. ஜூலையில் அதே திட்டத்தை லிபரல் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. வாக்கைக் காட்டிப் பேரம் பேசக்கூடிய இடத்தைக் கைவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை, அப்போது நான் அந்தக் கட்சிக்குத்தான் வாக்களித்தேன்.

மார்க்கம் தங்கச்சிக்கு: யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் மூன்று கேளுங்கள். இது சட்டமாகிவிட்டதா, எந்தத் திகதியில் தொடங்கும், "வரை" இருந்தால் எங்கள் வருமானத்துக்கு எவ்வளவு. வைத்திய விஷயத்தில், ஜனவரி 27இல் அரசாங்கம் 1.8 பில்லியன் திட்டம் அறிவித்தது, மறுநாள் சபை கலைந்தது. மற்ற இரு கட்சிகளும் தங்கள் தொகையைச் சொல்கின்றன. மூவரிடமும் திகதியைக் கேளுங்கள். மகளின் காப்பக ரசீதுகள் 2024க்கு உரியவை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், கொஞ்சமாவது வரும்.


மார்க்கம்_புதுவரவு
8 பெப்ரவரி 2025

எல்லோருக்கும் நன்றி. இன்று பின்னேரம் பனிக்குள் இருவர் வந்தார்கள், எந்தக் கட்சி என்று இங்கே எழுதவில்லை. வைத்தியர் விஷயத்தைக் கேட்டேன். துண்டுப் பிரசுரத்தில் தொகையைக் காட்டினார்கள். மார்க்கத்தில் எந்த மாதத்திலிருந்து என்று கேட்டேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். பிறகு என் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டு, அலுவலகத்தில் விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். அழைத்தால் இங்கே வந்து எழுதுகிறேன். ரசீதுகளில் மார்ச் மாதத்தைக் காணவில்லை, காப்பகத்தில் திரும்பக் கேட்டிருக்கிறேன்.