பொயிலர் வால்வுக்கும் ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கும் ஒரே சிலிக்கோன் துணி போதுமா?

வத்தளை_பராமரிப்பு:
அனைவருக்கும் வணக்கம். வத்தளையில் உள்ள சலவை ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் நீராவிக் குழாய்களில் 7 பார் அழுத்தம் இருக்கிறது. நேர்க்குழாய்களுக்கு ராக்வூல் என்ற பாறை இழைக் கம்பளியைச் சுற்றித் தகடு அடித்திருக்கிறோம். வால்வுகளும் பிளாஞ்சுகளும் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புகள்) மட்டும் வெறுமையாக உள்ளன. திருத்த வேலைக்காக அவற்றை அடிக்கடி திறக்க வேண்டியிருப்பதால், கழற்றிப் பூட்டக்கூடிய உறைகளைத் தைப்பிக்க எண்ணுகிறோம். மின்வெட்டின்போது ஓடும் டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாயையும் மூட வேண்டும். விற்பனையாளர் ஒருவர் சாம்பல் நிறச் சிலிக்கோன் பூசிய பைபர் கிளாஸ் துணியைக் காட்டி, அது 550 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்றும், இரண்டுக்கும் அதையே இரண்டு மடிப்பாகச் சுற்றினால் போதும் என்றும் சொல்கிறார். துணியின் தடிப்பு அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அவர் சொல்வதை நம்பலாமா?

துறைமுக_இயந்திரம்:
அந்த 550 பாகை கண்ணாடி இழைக்கு உரிய எண். மேலே பூசியிருக்கும் சிலிக்கோனுக்கு உரியது அன்று. சிலிக்கோன் பூச்சுத் தொடர்ச்சியாகத் தாங்குவது ஏறத்தாழ 260 பாகை வரைதான். அதற்கு மேல் போனால் புகைந்து, விரிசல் விட்டு, வெள்ளைத் தூளாக உதிரும். டெஃப்லான் பூச்சுக்கும் எல்லை 260 பாகைதான். அதைவிடச் சூடானால் அதிலிருந்து எழும் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதால், புகைக்குழாயின் அருகே அதைக் கொண்டுபோகவே வேண்டாம். பொலியூரித்தேன் பூசிய துணி இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் 180 பாகைக்கு அப்பால் அதன் பூச்சு நிற்காது.

உங்கள் 7 பார் நீராவி ஏறத்தாழ 170 பாகையில் இருக்கும். ஆகவே வால்வு உறையின் வெளித்தோலாகச் சிலிக்கோன் துணி மிகப் பொருத்தமானது: எண்ணெயும் நீரும் உள்ளே ஊறாது, துடைத்தால் சுத்தமாகிவிடும். ஜெனரேட்டர் கதை வேறு. முழுச் சுமையில் புகையின் வெப்பம் 500 பாகையை எட்டக்கூடும். அங்கே குழாயைத் தொடும் உட்பக்கத்துக்குப் பூச்சில்லாத துணியோ, அதைவிடச் சிறப்பாக வெர்மிகுலைட் என்ற வெப்பம் தாங்கும் கனிமம் பூசிய துணியோ வேண்டும். சிலிக்கோன் வெளிப்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். கப்பல்களில் எரிபொருள் தெறிக்கக்கூடிய இடத்தில் 220 பாகைக்கு மேற்பட்ட எந்தப் பரப்பையும் மூட வேண்டும் என்பது கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் விதி; கரையிலுள்ள ஜெனரேட்டர் அறைக்கும் அதையே அளவுகோலாகக் கொள்வது நல்லது. என்ஜினோடு சேர்ந்த மனிஃபோல்டையும் (புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) டர்போவையும் (புகையால் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் பகுதி) உற்பத்தியாளரின் அனுமதி இல்லாமல் மூடாதீர்கள். வெப்பம் வெளியேற வழியின்றி உலோகமே விரிசல் விடலாம்.

இரண்டு மடிப்பு என்ற ஆலோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. துணி வெறும் தோல்தான், வெப்பத்தைத் தடுப்பது உள்ளே வைக்கும் மெத்தை. 170 பாகை வால்வின் மேல் துணியை மட்டும் சுற்றினால் வெளிப்பரப்பில் சில பாகைகள்தான் குறையும். தொட்டவர் கை வெந்துவிடும். அதே இடத்தில் 25 மில்லிமீற்றர் கண்ணாடி இழை மெத்தையை வைத்தால், வெளிப்பரப்பு ஏறத்தாழ 60 பாகையளவுக்கு இறங்கும்.

உறை_தைப்பவர்:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தையலைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் நல்ல துணியில் தைத்த உறைகளும் நூலில்தான் பிரிந்துபோகின்றன. சாதாரண பொலியெஸ்டர் நூல் 250 பாகையளவில் உருகிவிடும். சூடான பக்கத்துத் தையலுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கலந்த நூலைக் கேளுங்கள். துணியின் வெட்டு விளிம்பை உள்ளே மடித்துத் தைக்காவிட்டால் இழைகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும்.

துணியை வாங்குமுன் 10 சென்ரிமீற்றர் சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கிராமில் வரும் எண்ணை 100ஆல் பெருக்கினால் சதுர மீற்றருக்கான எடை கிடைக்கும். விலைமனுவில் எழுதியிருப்பதோடு அது பொருந்த வேண்டும். பிறகு அதே துண்டின் ஒரு மூலையை வெளியிடத்தில் தீயில் காட்டுங்கள். சிலிக்கோன் வெள்ளைச் சாம்பலை விட்டுச் செல்லும். கரும்புகையும் கரியும் வந்தால் அது வேறு பூச்சு.

பைபர் கிளாஸ் துகள் தோலில் அரிப்பையும் கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சலையும் உண்டாக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். பெரும்பாலும் அது அதோடு முடிந்துவிடும். மிக உயர்ந்த வெப்பத்துக்கென விற்கப்படும் செராமிக் பைபர் மெத்தை அப்படியன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக 2பி பிரிவில் வைத்திருக்கிறது. உங்கள் 170 பாகை வேலைக்கு அது தேவையே இல்லை. யாராவது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வத்தளை_பராமரிப்பு:
மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். சில வால்வுகள் கூரையற்ற வெளிப்புறத்தில், கடற்காற்று படும் இடத்தில் உள்ளன. மழைக்காலத்தில் இந்த உறைகள் தாக்குப்பிடிக்குமா?

துறைமுக_இயந்திரம்:
சிலிக்கோன் துணியில் நீர் ஊறாது. ஆனால் தையல் துளைகளாலும் மூடும் வாயாலும் உள்ளே போகும். ஆகையால் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள், மேல்மடிப்பு கீழ்மடிப்பை நன்றாக மூடட்டும், அடியில் நீர் வடிய வளையமிட்ட ஒரு சிறு துளை இருக்கட்டும். ஈரமான மெத்தைக்குள் 175 பாகை வரையிலான கார்பன் எஃகு, கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயானால் கடலுப்பிலுள்ள குளோரைட்டால் விரிசல் விழும் அபாயமும் உண்டு. வெளிப்புற உறைகளை ஒவ்வொரு தென்மேல் பருவ மழைக்குப் பின்னரும் கழற்றிப் பாருங்கள். தெர்மோஸ்டாடிக் வகை (வெப்பநிலையால் இயங்கும்) ஸ்டீம் ட்ராப்புகளுக்கு, அதாவது நீராவிக் குழாயில் சேரும் நீரை வடிக்கும் கருவிகளுக்கு, மட்டும் உறை போட வேண்டாம். வெப்பத்தை வெளியே விட்டால்தான் அவை திறந்து நீரைக் கழிக்கும்.