குழித்தட்டில் முளைத்த நாற்றுகள் சாய்ந்து விழுவது ஏன்?

கேள்வி:

வணக்கம். வீட்டுக்குள் குழித்தட்டில் தக்காளியும் மிளகாயும் முதன்முறையாக விதைத்திருக்கிறேன். நனைத்த தென்னை நார்த்தூளை நிரப்பி, குழிக்கு இரண்டு விதை வீதம் ஊன்றி, ஒளிபுகும் மூடியால் மூடி ஜன்னலோரம் வைத்தேன். தக்காளி ஆறாம் நாளே முளைத்தது. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே நாற்றுகள் நூல் போல நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தன. நேற்றுக் காலை அவற்றில் ஏழெட்டு, தண்டின் அடி நைந்து, படுத்துக் கிடந்தன. தண்ணீர் போதவில்லையோ என்று எண்ணி இரு வேளையும் தெளித்து வந்தேன். மிளகாய் இன்னும் முளைக்கவே இல்லை. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

மறுமொழி 1:

நீங்கள் விவரிப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். அடித்தண்டு நைந்து விழுவது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிரிகள், ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த இடத்தில், மண்மட்டத்தை ஒட்டிய இளந்தண்டைத் தாக்குவதால் இது வருகிறது. விழுந்தவை பிழைக்கா. அவற்றை ஊடகத்தோடு (குழியில் நிரப்பிய நார்த்தூளோடு) சேர்த்து அகற்றிவிடுங்கள்.

மூடி முளைப்பதற்கு மட்டுமே உரியது. பெரும்பாலான விதைகள் முளைத்ததும் அதை எடுத்துவிட வேண்டும். மேலே தெளிப்பதை நிறுத்திவிட்டு, தட்டை ஆழமற்ற நீரில் அரைமணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள்; பிறகு மிஞ்சிய நீரைக் கொட்டிவிட்டு, மேற்பரப்பு வெளிறிக் காயும்வரை மறுபடி நீர் காட்டாதீர்கள். இந்தப் பொறுமைதான் கடினம், எனினும் நாற்றுகளின் உயிர் இதில்தான் இருக்கிறது.

மறுமொழி 2:

நீண்டு மெலிவதற்குக் காரணம் ஒளிக்குறைவு. ஜன்னலோரம் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சில மணி நேரம் வரும் ஒளி நாற்றுக்குப் போதாது. சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கை நாற்றுகளின் நுனிக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கை உயர்த்துங்கள். இரவில் அணைத்துவிட வேண்டும்.

நீண்டுபோன தக்காளியைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்றாம், நான்காம் இலைகள் வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, வித்திலைகளுக்கு (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலைகளுக்கு) சற்றுக் கீழ்வரை புதைத்தால், புதைந்த தண்டிலிருந்தே வேர்விடும். தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடியுங்கள். ஓர் இலை கிழிந்தால் செடி தாங்கும், தண்டு நசுங்கினால் தாங்காது. குழியில் இரண்டு நாற்று இருந்தால் மெலிந்ததைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. மூடியை எடுத்துவிட்டேன். தென்னை நார்த்தூளில் சத்து இல்லை என்கிறார்களே, உரம் இப்போதே இடலாமா? மிளகாயை என்ன செய்வது?

மறுமொழி 1:

வித்திலைகளுக்கு அடுத்து வரும் முதல் இலைகள் விரியும்வரை விதையில் உள்ள சேமிப்பே போதும். அதன்பின், பொதியில் சொல்லிய அளவில் கால்பங்கு மட்டும் கரைத்த திரவ உரத்தை வாரம் ஒருமுறை கொடுங்கள்.

மிளகாய் இயல்பாகவே தாமதிக்கும். ஊடகத்தின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும். குளிர்ந்த இடத்தில் மூன்று வாரத்தையும் தாண்டும். தக்காளியும் மிளகாயும் ஒரே தட்டில் இருப்பதுதான் இங்கே இடைஞ்சல், ஏனெனில் ஒன்றுக்கு மூடி ஆகாது, மற்றதற்கு இன்னும் வேண்டும். மிளகாய்க் குழிகளை மட்டும் தனியே வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான இடத்தில் மூடி வையுங்கள். விதையைத் தோண்டிப் பார்க்காதீர்கள்.