37 மைல் எங்கிருந்து வந்தது?

1988 மே மாதம். மொம்பாசாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் சரக்குக் கப்பலில் நான் செகண்ட் ஆபீசர். மாலத்தீவின் தீவுகளுக்கு நடுவே கப்பல் போகும் வழியான ஒன்றரை டிகிரி சேனலைப் பிடிக்கக் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். 12 நாட் வேகம், அதாவது மணிக்கு 12 கடல் மைல் என்றால் ஒரு நாளைக்கு 288 மைல். நண்பகலில் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுப் (நூன் பொசிஷன்) பார்த்தால் 325 மைல் வந்திருக்கிறோம்! சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்டைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். செயற்கைக்கோளை வைத்து இடம் சொல்லும் சாட்நாவ் பெட்டியும் அதையேதான் சொன்னது.

கேப்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "37 மைல் எங்கிருந்து வந்தது? ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தாயா?" என்றார். பிரிட்ஜில் எல்லோரும் சிரித்தார்கள். நான் லாக் புக்கில் 'செட் கிழக்கு, டிரிஃப்ட் 37', அதாவது கடல் எங்களைக் கிழக்கே 37 மைல் தள்ளியது என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மன்னார் வளைகுடாவில் வள்ளம் ஓட்டிய என் தாத்தாவாக இருந்தால் "நீவாடு (நீரோட்டம்) தள்ளியிருக்கும்லே" என்று ஒரு வரியில் முடித்திருப்பார். ஆனால் நடுக்கடலில், நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், அவ்வளவு வேகமான நீவாடா?

ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் விடை கிடைத்தது. தங்கை மகள் கடலியல் படித்தாள். அவள் பாடப் புத்தகத்தில் 'விர்ட்கி ஜெட்' என்று ஒரு தலைப்பு. கிளவுஸ் விர்ட்கி ஜெர்மனியின் கீல் நகரில் படித்தவர். ஜகார்த்தா, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா என்று சுற்றி, 1964-இல் ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கடைசிவரை அங்கேயே இருந்தவர். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், அதாவது ஏப்ரல், மே வாக்கிலும் அக்டோபர், நவம்பர் வாக்கிலும், நில நடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுகிய நீரோட்டம் பாய்ந்து ஓடுகிறது என்று 1973-இல் எழுதினார். அதற்கு அவர் கையில் இருந்த முக்கியமான ஆதாரம் என்ன தெரியுமா? எங்களைப் போன்ற கப்பல்காரர்கள் லாக்கில் எழுதிவைத்த டிரிஃப்ட் கணக்குகள்!

நான் கடலுக்கே போகாத காலத்தில் வெளிவந்த கட்டுரை அது. கேப்டனிடம் காட்ட ஆசைதான். என்ன செய்ய, மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

* * *

அண்ணாச்சி, உங்கள் 37 மைல் கதையைப் படித்தேன். நான் கோவாவில் கடலியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலை அளந்தனவே, அந்த அளவுகளை எல்லாம் தொகுத்து விர்ட்கி 1971-இல் வெளியிட்ட அட்லஸ் எங்கள் நூலகத்தில் உண்டு. தூக்கினால் கை வலிக்கும். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதே அதைப் புரட்டிய பிறகுதான். ஆளுக்கொரு மூலையில் அளந்து வைத்ததை ஒருவர் உட்கார்ந்து ஒன்றாகப் பார்த்திருக்கிறார். இந்த வேலைக்குப் பெரிய பெயர் வராது. ஆனால் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதன்மேல் ஏறி நின்றுதான் பார்த்தோம்.

உங்கள் 37 மைலுக்குக் காரணம் சொல்கிறேன். அந்த மாதங்களில் நில நடுக்கோட்டில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். பூமி சுழல்வதால் கோட்டுக்கு வடக்கே உள்ள நீர் காற்றுக்கு வலப்புறமும், தெற்கே உள்ள நீர் இடப்புறமும் விலகும். இரண்டுமே கோட்டை நோக்கித்தான் வருகின்றன. கோட்டில் அந்த விலக்கம் கிடையாது, அதனால் நீர் காற்றோடு நேராக ஓடும். ராபர்ட் நாக்ஸ் மாலத்தீவின் அட்டு தீவுக்கூட்டத்தில் 1973 முதல் 1975 வரை நேரிலேயே அளந்தார். வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு நாட் வேகம் இருந்தது.

ஓடும் வெதுநீர் சுமத்ரா பக்கம் போய்ச் சேர்கிறது. 1999-இல் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகட்டா நால்வரும், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் எதிரெதிராக வெதும்பிக் குளிரும் 'இருமுனை' பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். மேற்கு வெதும்பிக் கிழக்கு குளிரும் 'நேர்மறை' ஆண்டுகளில் அக்டோபர், நவம்பர் ஜெட் மெலிந்துவிடும், சுமத்ரா பக்கம் கடல் குளிரும். நம் வடகிழக்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் நல்ல செய்தி.

பசிபிக் கடல் வெதும்பும் எல் நினோ ஆராய்ச்சியிலும் விர்ட்கி இதே ஆள்தான். பசிபிக் தீவுகளில் கடல்மட்டக் கருவிகளை வைத்து, மேற்கே குவிந்த வெதுநீர் காற்று தளர்ந்ததும் கிழக்கே சரிந்து வருவதைக் காட்டியவர். சரி, ஒரு கேள்வி. அதே பாதையில் வேறு மாதம் போயிருக்கிறீர்களா?

* * *

போயிருக்கிறேன் தாயி. பழைய நோட்டை இப்போதுதான் பரணிலிருந்து இறக்கினேன். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே கப்பல், அதே கேப்டன், ஏறக்குறைய அதே இடம். டிரிஃப்ட் 6 மைல்தான். கேப்டன் சார்ட்டைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "பரவாயில்லையே, இப்போதுதான் உனக்குக் கணக்கு வருகிறது!"